ரத்தம் படிந்த ஜெர்சியோடு பிள்ளைகளை ஆடவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பள்ளிக் கூடைப்பந்துப் போட்டியின் படம் ஒன்று வந்திருந்தது. புருவத்தில் அடிபட்ட மாணவன் ஒருவன், வெள்ளை ஜெர்சியின் தோள் பக்கம் சிவந்து நனைந்திருக்க, பந்தோடு கூடையை நோக்கிப் பாய்கிறான். ரத்தம் சிந்தியும் களத்தை விட்டு அகலவில்லை என்று படத்தின் கீழே பாராட்டியிருந்தீர்கள். அந்தப் பையனின் மன உறுதியை நானும் மதிக்கிறேன். ஆனால் அதே படத்தில், அவனுக்கு நாலடி தள்ளி, வாயில் விசிலோடு ஒரு நடுவர் நிற்கிறார். அவர் அந்தப் பையனை அப்போதே வெளியே அனுப்பியிருக்க வேண்டும். ஏன் அனுப்பவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நானும் ஒரு நடுவர்தான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தேனி மாவட்டத்தில் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பெரியகுளத்தில் ஆண்டுதோறும் மின்னொளியில் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைச் சின்ன வயதில் அப்பாவோடு போய்ப் பார்த்து, அந்த ஆசையில் இந்த ஆட்டத்துக்குள் வந்தவள். குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, குடியரசு தின விளையாட்டு என்று பள்ளி அளவிலான ஆட்டங்களுக்கு விசில் ஊதப் போகிறேன்.

நம் பள்ளிப் போட்டிகள் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி நடக்கின்றன. ரத்தம் கசிகிற, அல்லது திறந்த காயம் உள்ள ஆட்டக்காரரைக் கட்டாயம் மாற்ற வேண்டும் என்று அந்த விதிப் புத்தகத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. ரத்தம் நின்று, காயத்தை முழுசாகவும் உறுதியாகவும் மூடிய பிறகே அவர் திரும்பி வரலாம். இரு அணிகளில் எது டைம் அவுட் (அணி கேட்டு எடுக்கும் ஒரு நிமிட இடைவேளை) எடுத்தாலும், அந்த நேரத்துக்குள், மாற்று ஆட்டக்காரருக்கான மணி அடிப்பதற்கு முன்னால் காயம் சரியாகிவிட்டால், அவரே தொடர்ந்து ஆடலாம். இதுவரைக்கும் தெளிவு. ஆனால் இந்தப் பிரிவு பேசுவதெல்லாம் உடம்பில் உள்ள காயத்தைப் பற்றித்தான். காயத்தை மூடிவிட்டார்கள், ஜெர்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈர ரத்தம் இருக்கிறது என்றால்? அது அந்தப் பையனின் ரத்தமே இல்லை, எதிரணிக்காரனின் மூக்கிலிருந்து தெறித்தது என்றால்? இங்கேதான் ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறோம்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் தேசியக் கூட்டமைப்பு இந்த இடத்தில் சந்தேகமே வைக்கவில்லை. ஆட்டக்காரரின் உடம்பிலோ சீருடையிலோ எந்த அளவு ரத்தம் இருந்தாலும் அவரை வெளியே அனுப்ப வேண்டும். சுத்தம் செய்த பிறகோ வேறு சீருடை மாற்றிய பிறகோதான் உள்ளே விட வேண்டும். அவருடைய அணி டைம் அவுட் கேட்டு, அது முடிவதற்குள் சரிசெய்துவிட்டால் வெளியே போக வேண்டியதில்லை. ரத்தத்துக்காக ஜெர்சியை மாற்றும்போது எண் மாறினால் தண்டனையும் கிடையாது. அது அமெரிக்கா, நமக்கெதற்கு என்று கேட்கலாம். சரி, கால்பந்தைப் பாருங்கள். ரத்தக் காயத்தோடு வெளியே போனவரைத் திரும்ப அனுமதிக்கும் முன் ரத்தம் நின்றுவிட்டதா என்பதோடு, அவர் அணிந்திருப்பதில் ரத்தம் இல்லையா என்பதையும் நடுவர் பார்க்க வேண்டும் என்று கால்பந்து விதியே சொல்கிறது. காலையில் கால்பந்துக்கு விசில் ஊதும் அதே உடற்கல்வி ஆசிரியர்தான் மதியம் கூடைப்பந்துக்கும் வருகிறார். காலையில் வெளியே அனுப்பிய அதே கறையை மதியம் கண்டும் காணாமல் விடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிடித்துக்கொள்ள அவர் கையில் ஒரு வரி இல்லை.

இந்தக் கவனம் எல்லாம் எங்கிருந்து வந்தது என்பதை இளம் ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டும். 1991 நவம்பர் 7ஆம் தேதி, தனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதாக அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் அறிவித்து ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடித் தங்கம் வென்றார். அதன் பிறகு அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வுக்குத் திரும்ப முயன்றபோது, கார்ல் மலோன் உள்ளிட்ட சக வீரர்கள் தங்கள் பயத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள். சீசனுக்கு முந்தைய ஓர் ஆட்டத்தில் ஜான்சனின் கையில் சின்னக் கீறல் விழுந்தது. அரங்கமே அந்தக் கையைப் பார்த்தது. சில நாளில் அவர் மறுபடி ஓய்வை அறிவித்துவிட்டார். விளையாட்டு உலகம் ரத்தத்தைப் பற்றி விதி எழுதத் தொடங்கியது இந்தக் காலத்தை ஒட்டித்தான்.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது.

யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. கூடைப்பந்து ஆடி எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. நான் அதிகம் யோசிப்பது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி பற்றி. அந்த வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட, 7 நாளாவது உயிர்ப்போடு இருக்கும். ஜப்பானில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் சுமோ மல்யுத்தக் குழுவில் மாணவர்கள் சிலருக்கு இந்த நோய் வந்தது, அடிபட்ட தோல் வழியாகப் பரவியிருக்க வேண்டும் என்று 1982இலேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் ஆடுவது பெரும்பாலும் சிமெண்ட் தளத்தில். விழுந்தால் முட்டியும் முழங்கையும் தோல் வழண்டுவிடும். ஓர் அணியில் பாதிப் பேருக்காவது எங்காவது ஒரு சிராய்ப்பு இருக்கும். அந்தச் சிராய்ப்பில் இன்னொருவரின் ஈர ஜெர்சி உரசுகிறது, கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க முட்டிமோதும் ஒவ்வொரு ரீபவுண்டுக்கும் உரசுகிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி தேசியத் திட்டத்தில் நாடு முழுவதற்கும் வந்தது 2011இல்தான். இப்போதைய சின்னப் பிள்ளைகள் போட்டிருப்பார்கள். பெரிய மாணவர்கள், கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், நடுவர்கள் எல்லாருமே போட்டிருப்பார்கள் என்று நம்பிவிட முடியாது. நடுவராகப் போகத் தொடங்கியபோது நான் மூன்று தவணையும் போட்டுக்கொண்டேன். ஆறு மாதத்தில் முடிந்துவிடும். மற்ற நடுவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. எந்தப் பிள்ளைக்கு என்ன நோய் என்று நடுவருக்குத் தெரியக் கூடாது, தெரிய வேண்டியதும் இல்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பள்ளியிலோ பொது இடத்திலோ ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எல்லா ரத்தத்தையும் ஒரே மாதிரி நடத்தினால்தான் இது நடைமுறையில் சாத்தியம். எந்த ஜெர்சியில் கறை பட்டாலும் வெளியே என்ற விதி இருந்தால், ஒரு பிள்ளையை வெளியே அனுப்பும்போது 'இவனுக்கு ஏதோ இருக்கிறது போல' என்று யாரும் கிசுகிசுக்க மாட்டார்கள். நடுவர் தனக்குத் தோன்றும்போது மட்டும் அனுப்பினால் அந்தச் சந்தேகம் கட்டாயம் வரும். நோயோடு வாழும் பிள்ளைக்கும் இந்த விதி பாதுகாப்புத்தான்.

சரி, களத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கடைசிக் கால் பகுதி, இரண்டு நிமிடம் மீதி, இரண்டு புள்ளி வித்தியாசம். நல்ல ஆட்டக்காரனின் உதடு கிழிந்துவிட்டது. அவன் ஜெர்சியைத் தூக்கி வாயைத் துடைத்துக்கொள்கிறான். பையன்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். எச்சிலோடு கலந்த ரத்தம் துணியில் பரவிவிடும். விசில் ஊதி வெளியே போகச் சொன்னால், 'ஒரு துளிதானே மேடம், விடுங்க' என்பார் பயிற்சியாளர். கூட்டம் கத்தும். 'எங்க பையனைத் தூக்கிட்டு அவங்களை ஜெயிக்க வைக்கிறாங்க' என்று காதுபடச் சொல்வார்கள். ஒருமுறை ஆட்டம் முடிந்து என் ஸ்கூட்டி வரைக்கும் வந்து சண்டை போட்டார் ஒரு பெற்றோர். அப்போது என்னிடம் காட்ட எழுத்தில் எதுவும் இருக்கவில்லை. மருத்துவக் காரணத்தை மட்டும்தான் சொல்ல முடிந்தது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டு கடைசியில், 'போன மேட்சுல அந்த சார் விட்டாரே?' என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரே நாளில், ஒரே மைதானத்தில் இரண்டு நடுவர்கள் இரண்டு விதமாக முடிவெடுத்தால் எந்தப் பெற்றோர்தான் நம்புவார்?

அதிலும் கஷ்டமானது, ஆள் குறைவாக வரும் அணிகள். பன்னிரண்டு பேர் வரலாம் என்று விதி இருக்கிறது. மலைக் கிராமத்துப் பள்ளியிலிருந்து ஏழு பேர் வருவார்கள். அதில் ஒருவர் ஐந்து ஃபவுல் (விதிமீறல்) செய்து வெளியே போய்விட்டார், ஒருவருக்குக் கால் பிசகிவிட்டது என்றால், அடுத்து ரத்தம் வந்த பிள்ளையை அனுப்பினால் நாலு பேரோடுதான் ஆட வேண்டும். அப்போது எந்த நடுவருக்கும் மனசு இளகும். அந்தப் பிள்ளைக்கு மாற்று ஜெர்சி ஒன்று கையில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்துவிடலாம். பெரும்பாலும் அது இருப்பதில்லை.

ஒவ்வொரு அணியும் குறைந்தது இரண்டு செட் சட்டை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஃபிபா விதி. பல அரசுப் பள்ளிகளுக்கு ஒரு செட்டே நன்கொடையாளர் கொடுத்தால்தான். காலையில் 17 வயதுக்குட்பட்டோர் போட்டு ஆடிய ஜெர்சியை, வியர்வை காய்வதற்குள் 19 வயதுக்குட்பட்டோர் வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்குவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அந்த ஜெர்சியில் ரத்தம் இருந்தால் அதுவும் சேர்ந்தே கைமாறுகிறது. வசதியான தனியார் பள்ளிப் பிள்ளை பையிலிருந்து வேறு ஜெர்சியை எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே வருகிறான். அரசுப் பள்ளிப் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் முடிவதைப் பார்க்கிறான். மாற்று ஜெர்சிக்கு வழி செய்யாமல் விதியை மட்டும் கொண்டுவந்தால் அது ஏழைப் பிள்ளைக்கு மட்டும் விழும் தண்டனையாகிவிடும். அதனால் போட்டியை நடத்தும் பள்ளியே ஸ்கோர் எழுதும் டேபிளில் வெள்ளையில் இரண்டும் அடர்நிறத்தில் இரண்டுமாக ஜெர்சி வைத்திருக்க வேண்டும். யாரும் வழக்கமாகப் போடாத எண்கள் அதில் இருக்கட்டும். எண் மாறுவதை ஸ்கோர் ஷீட்டில் எழுதி, நடுவர் கையெழுத்துப் போட்டால் ஃபவுல் கணக்கிலும் குழப்பம் வராது. அதற்காக அணிக்கு எந்தத் தண்டனையும் கூடாது.

அப்புறம், பெண் பிள்ளைகளின் விஷயம். இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று தயங்குபவர்கள் இருப்பார்கள். எனக்குத் தயக்கம் இல்லை. மாதவிலக்கு நாளில் ஆடும் பிள்ளையின் ஷார்ட்ஸில் கறை தெரிவது பெண்கள் ஆட்டத்தில் அபூர்வம் இல்லை. ஓர் ஆட்டத்தில் ஆண் நடுவர் ஒருவர், விதியைக் காப்பதாக நினைத்து, விசில் ஊதிக் கையை நீட்டி, 'பிளட், பிளட், வெளியே போ' என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு ஒரு பயிற்சிக்கும் வரவில்லை. இரண்டு கையாலும் பந்தைத் தட்டிக்கொண்டு போகும் அருமையான ஆட்டக்காரி அவள். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

நான் கடைப்பிடிக்கும் முறை இது. ஆட்டம் தானாக நிற்கும் வரை காத்திருப்பேன். பக்கத்தில் போய் ஷூ லேஸைக் கட்டச் சொல்வேன். அவள் குனியும்போது நானும் குனிந்து மெல்லச் சொல்லிவிடுவேன். பயிற்சியாளரைப் பார்த்து மாற்று ஆள் கேட்கிறார்கள் என்று மட்டும் காட்டுவேன். யாருக்கும் எதுவும் தெரியாது. இதை எல்லா நடுவர்களுக்கும் பயிற்சியில் கற்றுக்கொடுக்க வேண்டும். பெண்கள் ஆட்டத்தில் இரு நடுவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், முடியாவிட்டால் டேபிளிலாவது ஒரு ஆசிரியை உட்கார வேண்டும். பள்ளிகள் பெண் அணிக்கு வெள்ளை ஷார்ட்ஸ் தைப்பதை விட்டுவிட வேண்டும். வெள்ளை உடைக்குப் பேர்போன விம்பிள்டனே 2023 முதல் பெண்கள் உள்ளே அடர்நிற ஷார்ட்ஸ் அணிய அனுமதித்துவிட்டது. வெள்ளைச் சட்டைக்குக் கறுப்பு ஷார்ட்ஸ் போட்டு வரலாம் என்று நம் போட்டிக் குறிப்பில் ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன செலவு?

முதலுதவிப் பெட்டி என்ற பெயரில் நம் மைதானங்களில் இருப்பது பெரும்பாலும் ஒரு பாட்டில் டெட்டாலும் கொஞ்சம் பஞ்சும் ஒரு வலி ஸ்பிரேயும்தான். கையுறை இருக்காது. அடிபட்ட பிள்ளையை உடன் ஆடும் பிள்ளைகளே வெறுங்கையால் துடைத்துவிடுகிறார்கள். பாசமாகச் செய்வதுதான், ஆனாலும் தடுக்க வேண்டும். என் பையில் ஒரு பெட்டி கையுறை, பாண்டேஜ் துணி, கிரேப் பாண்டேஜ், மைக்ரோபோர் டேப், ஹைட்ரஜன் பெராக்சைடு, மூடி போட்ட பிளாஸ்டிக் கவர் எப்போதும் இருக்கும். கழற்றிக் கொடுத்த ஜெர்சியின் கறை மேல் பெராக்சைடு ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வரும். ஒற்றி எடுத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசினால் பெரும்பாலும் போய்விடும். வெந்நீர் ஊற்றவே கூடாது, கறை துணியில் பிடித்துக்கொள்ளும். தரையில் சொட்டியதைக் காகிதத்தால் ஒற்றிவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடைக்க வேண்டும். நன்றாக உலர்ந்த பிறகே ஆட்டம் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் அதிலேயே ஒருவர் வழுக்கி விழுவார். பந்தையும் மறக்காமல் துடைக்க வேண்டும்.

வியர்வை ஈரத்தின் மேல் ஒட்டிய பேண்ட்எய்ட் இரண்டு ஓட்டத்தில் கழன்று தளத்தில் கிடக்கும். முதலில் துடைத்து உலர்த்தி, துணி வைத்து, மேலே கிரேப் பாண்டேஜைச் சுற்ற வேண்டும். விதி சொல்லும் 'உறுதியாக மூடுவது' அதுதான். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்வது நம் ஊர் வழக்கம். அது தவறு, ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

காயமே வராமல் தடுப்பதிலும் நடுவருக்குப் பங்கு உண்டு. நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், நகை கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் வரிசையில் நிற்கவைத்துக் கையை நீட்டச் சொன்னால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பையன்கள் கையில் காப்பு இருக்கும். கழற்ற வரவில்லை என்பார்கள். சோப்பு போட்டால் வரும். பெண் பிள்ளைகளுக்குத் தோடு, கொலுசு. இதையெல்லாம் பார்க்காமல் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டுப் பிறகு யாருடைய முகமோ கிழிந்த பின் விசில் ஊதி என்ன பயன்?

பள்ளிக் கல்வித் துறை ஆண்டுதோறும் போட்டிகளுக்கு முன் சுற்றறிக்கை அனுப்புகிறது. வயதுச் சான்று எப்படி இருக்க வேண்டும், எத்தனை பேர் வரலாம் என்பதெல்லாம் அதில் விவரமாக இருக்கும். அதோடு ரத்தம் பற்றியும் சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. உடம்பிலோ உடையிலோ ரத்தம் தெரிந்தால் அளவு பார்க்காமல் ஆட்டக்காரர் வெளியே வர வேண்டும், டைம் அவுட்டுக்குள் சரிசெய்தால் தொடரலாம், மாற்று ஜெர்சிக்குத் தண்டனை இல்லை, டேபிளில் கையுறையும் மாற்று ஜெர்சியும் இல்லாமல் ஆட்டம் தொடங்கக் கூடாது. இவ்வளவுதான். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளுக்கும் இதையே வைக்கலாம். கூடைப்பந்து மட்டுமல்ல, கபடிக்கும் கைப்பந்துக்கும் பொருந்தும்.

இந்த வாசகங்களை ஒரு பக்கத்தில் எழுதி எங்கள் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளரிடம் கொடுத்திருக்கிறேன். குறுவட்டப் போட்டிகள் தொடங்குவதற்குள் பிற மாவட்ட உடற்கல்வி ஆசிரியர்களும் தங்கள் மைதானத்தில் என்ன நடைமுறை இருக்கிறது என்று உங்கள் பத்திரிகைக்கு எழுதினால், துறைக்குக் கொண்டுபோக எங்களுக்கு வலுவாக இருக்கும். அந்தக் கடிதங்களுக்கு இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியை, கூடைப்பந்து நடுவர்,
தேனி மாவட்டம்